வெள்ளைத் தாளில் நிற்கும் தாவரம்: பேராதனை நீர்வர்ண ஓவியங்கள் குறித்துச் சில சிந்தனைகள்

பேராதனைத் தாவரவியற் பூங்காவின் நீர்வர்ண ஓவியங்களை அழகு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு போற்றும் வழக்கம் உண்டு. அவை எவருடைய உழைப்பால், எத்தேவைக்காகத் தோன்றின என்ற வினாவை முதலில் எழுப்புதல் நமது கடனாகும்.

1821 இல் அலெக்சாண்டர் மூன் பேராதனையில் அமைத்த பூங்கா, குடியேற்ற அரசுக்கு எப்பயிர் இலாபந்தரும் என்பதைச் சோதித்தறியும் களமாகவே வளர்ந்தது. சிங்கோனாவும் றப்பரும் இந்நாட்டிற் காலூன்றியதில் அதன் பங்கு பெரிது. உலர்த்திய மாதிரியிற் பூவின் நிறம் நில்லாது. ஆதலால் ஓவியன் வேண்டப்பட்டான். 1823 தொடக்கம் 38 ஆண்டுகள் ஹர்மானிஸ் டி அல்விஸ் அப்பணியில் இருந்தார். பணிப்பாளர்கள் மாறினர், தூரிகை மாறவில்லை. பின்னர் அவருடைய மைந்தரும் அத்தொழிலை ஏற்றனர். ஹென்றி ட்றிமனின் இலங்கைத் தாவரக் கைந்நூல் (1893–1900) 100 படத்தாள்களுடன் வெளிவந்தமைக்கு அக்குடும்பத்தின் உழைப்பே அடிப்படை.

இவ்வோவியங்களில் மண் இல்லை, நீர் இல்லை, அண்டையிற் பிறிதொரு செடியும் இல்லை. நெய்தற் பாடல்களில் அடும்பு மணலோடும் நண்டோடும் மனிதரின் காத்திருப்போடும் படர்கிறது. இங்கோ தாவரம் வெள்ளைத் தாளில் தனித்து நிற்கிறது. பொருளை அதன் உறவுகளிலிருந்து பிரித்து நிறுத்தும் இம்முறை, சந்தை பொருளை நோக்கும் முறைக்கு அயலானதன்று. எனினும், இதுகொண்டு இவற்றை ஏகாதிபத்தியத்தின் வெறுங்கருவியென ஒதுக்குவது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். ஓரிலையை மடித்து அதன் அடிப்புற வெளிறலைக் காட்டவும், மகரந்தத் தாள்களைப் பிரித்து எண்ணித் தீட்டவும் வல்ல கை, சிந்திக்கும் கையே. அதனைச் சிந்தனையென ஏற்காது, ஆய்வாளன் என்றும் வரைவோன் என்றும் தரம்பிரித்தது குடியேற்ற வர்க்க ஒழுங்கு. தென்னிந்தியாவில் றொபேட் வைற் தம் ஓவியர் கோவிந்துவின் பெயரால் 1853 இல் ஓர் ஓர்க்கிட் பேரினத்தைக் குறித்தார். பாராட்டத்தக்க செயல்தான், ஆயினும் பெயரிடும் உரிமை அப்போதும் வைற்றிடமே இருந்தது.

கல்முனைக் கரையோரத்தவரான நமக்கு இது தொலைவான செய்தியன்று. ட்றிமனின் நூலில் மாதிரி திரட்டிய ஐரோப்பியர் பெயரோடு நிற்கின்றனர். தமிழ்ப் பெயர்களோ ஓர் ஆங்கில எழுத்தால் மட்டும் குறிக்கப்பட்டு, சொன்னவர் எவரென்ற சுவடின்றி நிற்கின்றன. அடம்பனையும் தாழையையும் தில்லையையும் பெயரிட்டறிந்தவர்கள் கரைவலை இழுத்தோரும், பாய் இழைத்த பெண்களும், நாட்டு வைத்தியருமே. 2004 ஆம் ஆண்டின் கடற்கோள் இக்கரையைப் புரட்டியபோது அவ்வறிவைச் சுமந்திருந்தோர் பலரும் மாண்டனர். எஞ்சிய முதியோரிடம் கேட்டு வரைய முற்படும் மாணவர், படத்தின் கீழ் இலத்தீன் பெயருக்கு அருகிலேயே சொன்னவரின் பெயரையும் ஊரையும், அவர் இசைவு பெற்று, எழுத வேண்டும் என்பதே நம் கோரிக்கை.