ஒரே மொழிக்குள் அந்நியர்: பள்ளி வாசலில் பெற்றோரும் கல்வராயன் மலையின் மௌனமும்

ஆய்வுச் சுருக்கம்

பிள்ளை பயிலும் பள்ளியின் மொழியை அறியாத பெற்றோர் புலம்பெயர்வு குறித்த கலைப்படைப்புகளில் தொடர்ந்து இடம்பெறுகின்றனர். இப்படைப்புகளில் பெற்றோரின் மொழியும் பள்ளியின் மொழியும் வெவ்வேறாக இருப்பதால் சிக்கல் எளிதில் புலப்படுகிறது. இரண்டும் ‘தமிழ்’ என்றே பதிவாகும் இடத்தில் அதே சிக்கல் மறைந்துபோகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் நிலையை ‘தீபன்’, ‘இங்கிலீஷ் விங்கிலீஷ்’ ஆகிய திரைப்படங்களோடு ஒப்பிட்டு நோக்கும் இக்கட்டுரை, ‘பெற்றோரின் அக்கறையின்மை’ என்னும் வழக்கமான ஆய்வு முடிவை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது.

திறவுச்சொற்கள்: இரட்டை வழக்கு, மலையாளி, கல்வராயன் மலை, பள்ளி மேலாண்மைக் குழு, குடிபெயர்வு, மொழியதிகாரம்.

முன்னுரை

பழங்குடிக் கல்வி குறித்த தமிழ் ஆய்வேடுகளில் இடைநிற்றலுக்கான காரணங்கள் ஏறத்தாழ ஒரே வரிசையில் அமைகின்றன. வறுமை, போக்குவரத்தின்மை, இளவயதுத் திருமணம், வேலைக்காக வெளியூர் செல்லுதல் ஆகியவற்றை அடுத்துப் ‘பெற்றோரின் அக்கறையின்மை’ இடம்பெறும். முதல் நான்கும் கண்டும் எண்ணியும் அறியக்கூடியவை. ஐந்தாவது அவ்வாறு எண்ணப்படுவதில்லை. பெற்றோர் பள்ளிக்கு வராததிலிருந்தும், வந்தபோது பேசாதிருந்ததிலிருந்தும் ஊகிக்கப்படுகிறது. வராமையையும் பேசாமையையும் அக்கறையின்மையின் சான்றாகக் கொள்ளலாமா என்பதே இங்கு எழும் வினா. இவ்வினாவுக்கு விடை காண, பேசாத பெற்றோரை அக்கறையற்றவராகக் காட்டாத இரு படைப்புகளிலிருந்து தொடங்குவது பயன்தரும்.

இரு திரைப்படங்கள்: புலப்படும் மொழிக்குறை

ழாக் ஓதியார் இயக்கி, 2015-இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’ படத்தின் உரையாடல்களில் பெரும்பகுதி தமிழில் அமைந்தது. ஈழப்போரின் இறுதியில், உறவற்ற மூவர் ஒரு குடும்பமாக நடித்துப் பிரான்சு சென்று சேர்கின்றனர். எழுத்தாளர் ஷோபாசக்தி (அந்தோனிதாசன்) தீபனாகவும் காளீஸ்வரி சீனிவாசன் யாழினியாகவும் நடித்துள்ளனர். சிறுமி இளையாள் பள்ளியின் வழியே பிரெஞ்சு மொழியைப் பெரியவர்களைவிட விரைவாகக் கற்று, அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகிறாள். வீட்டின் அதிகாரம் பிள்ளையின் நாவிற்கு இடம்பெயர்வதைப் படம் மிகையின்றிக் காட்டுகிறது.

கௌரி ஷிண்டே இயக்கிய ‘இங்கிலீஷ் விங்கிலீஷ்’ (2012) தமிழிலும் வெளியாயிற்று. அதில் ஸ்ரீதேவி ஏற்ற சசி என்னும் தாய், ஆங்கிலம் அறியாதவராகத் தம் மகளின் பள்ளியில் நடைபெறும் பெற்றோர் சந்திப்பிற்குச் செல்கிறார். தாய் வாய் திறப்பதையே மகள் அஞ்சுகிறாள். தம் இந்தி போதாதென்று ஆசிரியரும் தம் ஆங்கிலம் போதாதென்று தாயும் சொல்லிக்கொள்கின்றனர். ஆசிரியரின் குறை அங்கே இயல்பாகவும், தாயின் குறை இழிவாகவும் உணரப்படுகிறது. இரு குறைகளும் அளவில் ஒத்தவை. அவற்றின் சமூக மதிப்பே வேறு.

இவ்விரு படங்களும் சிக்கலைக் கூர்மையாகக் காட்டினும், அவை முன்வைக்கும் தீர்வுகள் விமரிசனத்திற்குரியன. முதற்படத்தில் மொழிபெயர்க்கும் சுமை குழந்தையின்மீது விழுகிறது. இரண்டாம் படத்தில் தாய் நியூயார்க்கில் நான்கு வார வகுப்பில் சேர்ந்து ஆங்கிலம் பயின்று தம் மதிப்பை மீட்கிறார். ஒன்றில் பிள்ளை மாறுகிறது. மற்றொன்றில் தாய் மாறுகிறார். பள்ளி தன் பேச்சுமுறையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் இரண்டிலும் எழவில்லை. எனினும், மொழி குறுக்கே நிற்கிறது என்பதில் பார்வையாளருக்கு ஐயம் எழாது. தீபனையோ சசியையோ பிள்ளைமீது அக்கறையற்றவர் என எவரும் கருதார். கல்வராயன் மலைப் பெற்றோருக்குக் கிடைக்காதது இந்தப் புரிதலே.

கல்வராயன் மலை: குடிபெயர்வின் நினைவும் பெயரின் குழப்பமும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலை, சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பிரிவாக வழங்கப்படுகிறது. அதன் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. கள்ளக்குறிச்சிப் பகுதி, 2019 நவம்பர் 26-இல் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்ட புதிய மாவட்டத்தில் வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட வட்டமாக உள்ளது. இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பழங்குடியினர் 7,94,697 பேர்; அவர்களுள் எண்ணிக்கையில் மிகப் பெரிய பிரிவினர் மலையாளிகளே.

‘மலையாளி’ என்பது இங்கு மலையை ஆள்பவர், மலைவாழ்நர் என்னும் பொருளில் வழங்கும் பெயர். இவர்கள் தமிழ் பேசுவோர். கேரளத்து மலையாள மொழியோடு இப்பெயருக்குத் தொடர்பில்லை. சமவெளியிலிருந்து புதிதாகப் பணியேற்கும் ஒருவர் பள்ளிப் பதிவேட்டில் சாதிப் பெயராக ‘மலையாளி’ என்பதையும் தாய்மொழியாகத் ‘தமிழ்’ என்பதையும் அருகருகே கண்டு குழம்ப இடமுண்டு. முரண் இத்துடன் முடிவதில்லை. காப்பி, மிளகுத் தோட்ட வேலைக்காகக் கேரளத்திற்கும் கர்நாடகத்திற்கும் பருவந்தோறும் செல்லும் இம்மலை மக்கள், கேரள மண்ணில் ‘தமிழர்’ ஆகின்றனர். அங்கே அவர்களுடைய மொழி வேறு என்பதை அனைவரும் ஏற்கின்றனர். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம், பிற மாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக 2017-இல் ‘ரோஷ்ணி’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, அவர்களின் மொழியறிந்த தன்னார்வலர்களை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. மாநில எல்லையைக் கடந்தால் ஏற்கப்படும் மொழிவேறுபாடு, தம் மலையடிவாரத்தில் ஏற்கப்படுவதில்லை.

இம்மக்களின் வாய்மொழி மரபும் குடிபெயர்வையே தொடக்கமாகக் கொண்டது. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறினர் என்னும் வழக்கை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளிவந்த தம் தொகுப்பில் பதிவுசெய்துள்ளார். இதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதா என்பது தனி ஆய்வுக்குரியது. ஆயினும், தம்மை வந்தேறிய குடியாகவே நினைவில் வைத்திருக்கும் ஒரு சமூகம், பள்ளியின் முன் மீண்டும் வந்தேறியாக நிற்க நேர்வது கருதத்தக்கது.

அரசோடு இம்மலைக்கு உள்ள எழுத்துவழி உறவும் அண்மைக்காலத்தது. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் சாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த இம்மலை, 1976-இல்தான் அரசின் நேரடி நிருவாகத்திற்கு வந்தது. இன்று பள்ளியில் பயிலும் பிள்ளைகளின் தாத்தா, பாட்டியருள் பலர் சாகீர் காலத்தில் பிறந்தவர்கள். விண்ணப்பம், சான்றிதழ், ஒப்புதல் கையொப்பம் என்பன இக்குடும்பங்களின் வாழ்வில் ஓரிரு தலைமுறைக்கு முன்னரே நுழைந்தன.

மூன்று தமிழ்கள்

1959-இல் சார்லஸ் பெர்குசன் விளக்கிய இரட்டை வழக்குக் கோட்பாட்டைத் தமிழுக்குப் பொருத்தி ஆராய்ந்தோர் பலர். பிரான்சிஸ் பிரிட்டோவின் 1986-ஆம் ஆண்டு நூல் அவற்றுள் விரிவானது. இக்கோட்பாட்டின்படி உயர்வழக்கு எவருக்கும் வீட்டுமொழியன்று. அனைவரும் அதனைப் பள்ளியிலேயே கற்கின்றனர். ஆகவே எழுத்துத் தமிழின் முன் எல்லாப் பிள்ளைகளும் சமம் என்னும் எண்ணம் எளிதில் தோன்றும்.

இவ்வெண்ணம் பேச்சுவழக்குகளுக்கு இடையேயுள்ள படிநிலையைக் கணக்கில் கொள்வதில்லை. ஹெரால்டு ஷிஃப்மன் போன்றோர் இலக்கணம் வகுத்த ‘பொதுப் பேச்சுத் தமிழ்’ கற்றோர் கலந்துபேசும் வழக்கு. ஊடகத்திலும் அலுவலகத்திலும் ஏற்புடைய ஒன்று. ஆசிரியர் எழுத்துத் தமிழில் பாடத்தை வாசித்தாலும், விளக்குவதும் கண்டிப்பதும் பெற்றோரிடம் பேசுவதும் இப்பொதுப் பேச்சிலேயே நிகழ்கின்றன. எனவே மலைப்பள்ளியில் எழுத்துத் தமிழ், ஆசிரியரின் பேச்சுத் தமிழ், மலைவழக்கு என மூன்று நிலைகள் உள்ளன. சமவெளிப் பிள்ளைக்கு ஒரு படி ஏறவேண்டியுள்ள இடத்தில் மலைப்பிள்ளைக்கு இரு படிகள் உள்ளன. பிள்ளை நாள்தோறும் ஏறிப் பழகிக்கொள்கிறது. ஆண்டுக்குச் சிலமுறை வரும் பெற்றோர்க்கு அப்பழக்கம் வாய்ப்பதில்லை.

சொல்லளவிலும் இவ்விடைவெளி தெரிகிறது. ‘டி.சி.’, ‘ஹாஸ்டல்’, ‘வார்டன்’ என்னும் கடன்சொற்கள் பேச்சில் நிலைபெற்றுவிட்டன. படிவமோ ‘மாற்றுச் சான்றிதழ்’, ‘விடுதி’, ‘காப்பாளர்’ என்கிறது. தனித்தமிழாக்கத்தின் பயன் பெரிது. ஆயினும் எழுத்தறிவு குறைந்த பெற்றோரிடம் படிவத்தின் சொல் அப்படியே வாசித்துக் காட்டப்படும்போது, அது மற்றொரு மொழியாகவே ஒலிக்கும்.

விளிச்சொற்களில் இச்சிக்கல் இன்னும் நுட்பமானது. வட்டார வழக்குகள் பலவற்றில் ஒருமை விளி மரியாதைக் குறைவைக் குறிப்பதில்லை, நெருக்கத்தையே குறிக்கும். பொதுப் பேச்சுத் தமிழிலோ அது அவமதிப்பு. 1960-இல் ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் காட்டியவாறு, ஒருவர் ‘நீ’ என விளிக்க மற்றவர் ‘நீங்கள்’ என விடையிறுக்கும் உரையாடலில் அதிகாரம் ஒருதிசையாகப் பாய்கிறது. வயதில் மூத்த தந்தையை இளைய அலுவலர் ஒருமையில் விளித்து, அவரிடமிருந்து பன்மையை எதிர்பார்க்கும் இடத்தில், தந்தை தெரிந்தெடுக்கக்கூடிய பாதுகாப்பான விடை மௌனமே.

‘அக்கறையின்மை’ என்னும் முடிவின் பிழை

வகுப்பறைச் சூழலில் வாய்திறவாத சிறுவர்களை மொழிவளமற்றவர் என முடிவுகட்டிய ஆய்வுகளை வில்லியம் லபோவ் 1969-இல் மறுத்தார். உரையாடும் சூழலை மாற்றியபோது அதே சிறுவர் சரளமாகப் பேசினர். குறை சிறுவரிடத்தில் இல்லை. வினாவிய முறையில் இருந்தது. ‘பெற்றோரின் அக்கறையின்மை’ என்னும் முடிவிற்கும் இதே சோதனை வேண்டும். பள்ளி வளாகத்தில், அலுவலர் முன்னிலையில், அச்சிட்ட வினாநிரலைப் பொதுத்தமிழில் வாசித்துப் பெற்ற ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் விடைகள், பெற்றோரின் மனநிலையைவிட அச்சூழலின் தன்மையையே மிகுதியும் வெளிப்படுத்துகின்றன.

மேலும், மரவள்ளியும் சாமையும் விளையும் மலைநிலத்தை விட்டுப் பிள்ளையைப் பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்ப்பது, கைக்கு உதவும் ஒரு துணையை இழப்பதுமாகும். அவ்விழப்பை ஏற்ற பெற்றோரை அக்கறையற்றவர் என்பது முரணுடையது. வேலைக்குச் செல்லும்போது பிள்ளையை உடன் அழைத்துச் செல்வோரின் முடிவிலும், மலையில் விட்டுச்செல்ல ஆளில்லை என்னும் காரணம் இருக்கக்கூடும். அக்காரணத்தைக் கேட்டறியும் மொழி பள்ளியிடம் உண்டா என்பதை ஆய்வு வினவவேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். சாலை, மருத்துவம், ஆசிரியர் பணியிடம் ஆகிய அடிப்படைகளே குறைவாக உள்ள மலையில் மொழிவழக்கைப் பேசுவது முதன்மைச் சிக்கலிலிருந்து திசைதிருப்பாதா என்பது அது. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபின், சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கு மேற்கொண்டது. அடிப்படை வசதிகளின் முதன்மையை எவரும் மறுக்கவியலாது. ஆயினும் அவ்வசதிகளைக் கேட்டுப்பெறுவதும் பேச்சினால் நிகழ்வதே. குறையை எடுத்துரைக்கும் வாய்ப்பு மொழியால் தடைப்படும் இடத்தில், மக்களின் சார்பாக வேறொருவரே எப்போதும் பேசிக்கொண்டிருப்பார்.

சட்டம் அளித்த இருக்கையும் பேசும் உரிமையும்

2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், இயன்றவரை பயிற்றுமொழி பிள்ளையின் தாய்மொழியாக இருக்கவேண்டும் என்கிறது. மலையாளிப் பிள்ளையின் தாய்மொழி தமிழ் எனப் பதிவாவதால் இவ்விதி நிறைவேறியதாகவே கணக்கிடப்படுகிறது. அதே சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதியினர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என விதித்தது. தமிழ்நாட்டில் 2022-இல் அமைக்கப்பட்ட குழுக்களில் 20 உறுப்பினருள் 15 பேர் பெற்றோராக இருந்தனர். எண்ணிக்கையில் இது பெற்றோரின் அவை. கூட்டத்தின் பொருள்நிரல், தீர்மானம், பள்ளி வளர்ச்சித் திட்டம் ஆகியன எழுத்துத் தமிழில் அமையுமாயின், அவையின் பெரும்பான்மையினர் கேட்போராகவும் கையொப்பமிடுவோராகவும் மட்டுமே எஞ்சுவர்.

தீபனுக்கு இளையாள் மொழிபெயர்த்தாள். சசிக்கு ஆங்கில வகுப்பு இருந்தது. மலைத்தாய்க்கு இவ்விரண்டும் இல்லை. தமிழருக்குத் தமிழ் மொழிபெயர்க்கவேண்டும் என்பதை ஒப்புக்கொள்வோர் இல்லாததால் மொழிபெயர்ப்பாளரும் இல்லை.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, மொழிப்பெயர் ஒன்றாக இருப்பது மொழித்தடை இல்லை என்பதற்குச் சான்றாகாது. இரண்டாவது, பெற்றோரின் மௌனத்தை விளக்குமுன் அம்மௌனம் எவ்விடத்தில், எவர் முன்னிலையில், எவ்வழக்கில் கேட்கப்பட்ட வினாவிற்கு விடையாயிற்று என்பதை ஆய்வேடு பதிவுசெய்தல் வேண்டும். நேர்காணல்களை ஊரில் வைத்து, மலைவழக்கு அறிந்தவர் வழியே நிகழ்த்தி, விடைகளை எழுத்துத் தமிழுக்கு மாற்றாமல் பேசியவாறே தருவது இதற்கு முதற்படி. மூன்றாவது, மாறவேண்டிய கடமை பள்ளிக்கும் உண்டு. தீர்மானங்களைப் பேச்சுத்தமிழில் சொல்லி ஒப்புதல் பெறுதல், மலைவழக்குச் சொற்களைப் புதிய ஆசிரியர்க்குத் தொகுத்தளித்தல், மூத்தோரைப் பன்மையில் விளித்தல் ஆகியவற்றிற்குப் பெரும் செலவு இல்லை.

மலைவழக்கை எழுத்துத் தமிழுக்கு மாற்றாக நிறுத்துவது இதன் பொருளன்று. எழுத்துத் தமிழை அடைவதற்கு மலைப்பிள்ளைக்கும் பிறரைப்போல உரிமையுண்டு. அவ்வுரிமையைப் பெறும் பிள்ளை, தன் தாயின் பேச்சைக் குறித்து நாணவேண்டிய நிலை வரலாகாது. அந்நாணம் தோன்றுகிறதா என்பதைக் கண்டறியும் ஆய்வு, இடைநிற்றல் பட்டியலின் ஐந்தாவது காரணத்தை அடித்துவிட்டுத் தொடங்கவேண்டும்.