மூன்று வெற்றி, ஒரு கால்: பெஸ்ட்-சிஎல்ஐ, பாசில்-2 வாசிப்புக் குறிப்பு

மே மாதம் வீரசக்கதேவி ஆலயத் திருவிழாவுக்காகப் பாஞ்சாலங்குறிச்சி போயிருந்தேன். இளவட்டங்கள் ஜோதி ஏந்தி ஓடிவருவதைப் பார்க்க மாமா எப்பவும் கோட்டை வாசல் வரைக்கும் வந்துவிடுவார். இந்த வருஷம் வீட்டுத் திண்ணையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

“மருமவனே, நீ ஆராய்ச்சிக் கணக்கெல்லாம் பாக்குற ஆளுல்லா. இதப் படிச்சு ஒரு விவரம் சொல்லு” என்று துணிப்பை ஒன்றை நீட்டினார். உள்ளே நாலு டிஸ்சார்ஜ் சம்மரி. பதினாலு மாசத்தில் மூணு தடவை கால் ரத்தக்குழாயில் பலூன் வைத்திருக்கிறார்கள், ரெண்டாவது தடவை ஸ்டென்டும் சேர்த்து. மூணிலும் சிகிச்சை வெற்றி என்றே எழுதியிருந்தது. நாலாவது காகிதம் கால் எடுத்ததற்கானது.

“மூணு மட்டமும் ஜெயிச்சிருக்கோம்னுதான் போட்டிருக்கு. அப்ப கால் எங்கடே போச்சு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஊரிலிருந்து திரும்பியதும், முன்பு மேலோட்டமாகப் பார்த்து வைத்திருந்த ரெண்டு பெரிய ஆய்வுகளைத் திரும்ப எடுத்து வாசித்தேன். இந்தப் பதிவு அந்த வாசிப்பின் குறிப்பு. நான் மருத்துவன் இல்லை. மருத்துவ ஆய்வுகளின் புள்ளியியல் பக்கம் வேலை பார்ப்பவன். மாமாவுக்கு என்ன செய்திருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் ‘வெற்றி’ என்பதை எப்படி எண்ணுகிறார்கள் என்று கேட்கலாம். அது என் வேலைதான்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். ஊரில் இதை ‘நரம்பு அடைப்பு’ என்பார்கள். அடைபடுவது தமனி. கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து குழாய் ஒடுங்கிப் போகிறது. ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். முற்றினால் படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கும். கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டால்தான் கொஞ்சம் தேவலை. கடைசியில் ஆறாத புண், கறுத்த விரல். புகையும் சர்க்கரையும் இதற்கு ரெண்டு பெரிய காரணங்கள். மாமாவுக்கு ரெண்டும் உண்டு. வேலிக்கருவை முள் குத்தின புண் ரெண்டு மாசம் ஆறாமல் கிடந்து, சுண்டுவிரல் கறுத்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிருக்கிறார்.

வைத்தியம் ரெண்டு வழி. ஒன்று பைபாஸ்: நோயாளியின் காலிலேயே கணுக்காலின் உட்புறத்திலிருந்து தொடை இடுக்கு வரை தோலுக்கடியில் ஓடும் நீளமான சிரையை எடுத்து, அடைப்பைத் தாண்டி மாற்றுப் பாதை போடுவது. 1948-இல் பாரீசில் ழான் குன்லின் இதைச் செய்தார். இன்னொன்று குழாய்க்குள்ளேயே கம்பி விட்டு அடைப்பை விரிப்பது. 1964-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் சார்லஸ் டாட்டர் ஆரம்பித்து வைத்தது. அவருடைய முதல் நோயாளி 82 வயது மூதாட்டி. பாதம் அழுகிய நிலையிலும் காலை எடுக்கச் சம்மதிக்காதவர். அந்தக் கால் பிழைத்தது. பிறகு பலூன் வந்தது, ஸ்டென்ட் வந்தது. தொடையில் ஒரு சின்னத் துளை, சீக்கிரமே வீடு. யாருக்குத்தான் பிடிக்காது?

எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி. 2022 நவம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் பெஸ்ட்-சிஎல்ஐ வெளியானது. ஐந்து நாடுகள், 1830 நோயாளிகள். நல்ல சிரை இருந்த 1434 பேர் ஒரு பிரிவு. மீதி 396 பேர் இன்னொரு பிரிவு. முதல் பிரிவில் கணுக்காலுக்கு மேல் கால் இழப்பு, பெரிய மறுசிகிச்சை, மரணம் மூன்றில் ஏதாவது ஒன்று நடந்தது பைபாஸில் 42.6 சதவீதம், பலூன் வழியில் 57.4 சதவீதம். நல்ல சிரை இல்லாத பிரிவில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. பைபாஸ்காரர்கள் கொண்டாடினார்கள்.

ஆறு மாசம் கூட ஆகவில்லை. 2023-இல் லான்செட்டில் பாசில்-2 வந்தது. பிரிட்டன், ஸ்வீடன், டென்மார்க்கில் 345 பேர். எல்லாருக்கும் முழங்காலுக்குக் கீழே அடைப்பு. கால் இழப்பு அல்லது மரணம்: பைபாஸை முதலில் செய்தவர்களில் 63 சதவீதம், பலூனை முதலில் செய்தவர்களில் 53 சதவீதம். அப்படியே தலைகீழ். இந்த முறை பலூன்காரர்கள் கொண்டாட்டம்.

ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முரண்பாடு பாதி கரைந்துவிடுகிறது. பாசில்-2-இல் கால் இழப்பு இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம்: 20-க்கு 18 சதவீதம். வித்தியாசத்தைக் கொண்டுவந்தது மரணம்: 53-க்கு 45. பெஸ்ட்-சிஎல்ஐயில் பெரும் வித்தியாசத்தைக் கொண்டுவந்தது மறுசிகிச்சை: பைபாஸில் 9.2, பலூனில் 23.5 சதவீதம். ஒன்று மறுசிகிச்சையையும் சேர்த்து எண்ணியது, இன்னொன்று சேர்க்கவில்லை. அதாவது ரெண்டு ஆய்வும் ஒரே கேள்விக்கு ரெண்டு பதில் சொல்லவில்லை. ரெண்டு வேறு கேள்விகளைக் கேட்டிருக்கின்றன.

பெஸ்ட்-சிஎல்ஐ மேல் வைக்கப்படும் முக்கியமான குறை இந்த இடத்தில்தான் வருகிறது. மறுசிகிச்சை ஒரு ‘மென்மையான’ அளவீடு என்கிறார்கள். செத்தவரை எண்ணலாம், எடுத்த காலை எண்ணலாம். திரும்பச் சிகிச்சை செய்வதா வேண்டாமா என்பது டாக்டரின் முடிவு, ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே அதை மரணத்தோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது வாதம். புள்ளியியல்காரனாக எனக்கு இந்த வாதம் புரிகிறது. பாதி ஒத்துக்கொள்ளவும் செய்கிறேன்.

ஆனால் மாமாவின் பையைத் திறந்து பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது நேர் எதிரானது. பெஸ்ட்-சிஎல்ஐ மறுசிகிச்சையை அதிகமாக எண்ணவில்லை, ரொம்பக் குறைவாகத்தான் எண்ணியிருக்கிறது. அதன் வரையறையில் ‘பெரிய மறுசிகிச்சை’ என்றால் புதிய பைபாஸ், பழைய பைபாஸைத் திறந்து சரிசெய்வது, உறைந்த ரத்தக்கட்டியை எடுப்பது அல்லது மருந்து விட்டுக் கரைப்பது. திரும்பவும் பலூன் வைத்தால் அது இந்தப் பட்டியலில் வராது. துணை அளவீடுகளில் அதற்கும் இடம் உண்டு, ஆனால் முதன்மை முடிவில் இல்லை.

மாமாவை இந்த ஆய்வுக்குள் போட்டுப் பாருங்கள். ரெண்டாவது பலூன்: நிகழ்வு இல்லை. மூணாவது பலூன்: நிகழ்வு இல்லை. பதினாலாவது மாசம் கால் போனபோதுதான் அவர் பேருக்கு நேராக முதல் புள்ளி விழும். பாசில்-2-இல் போட்டாலும் அதே கதைதான். அதுவரைக்கும் அவர் ‘நிகழ்வு எதுவும் இல்லாதவர்’.

அந்தப் பதினாலு மாசம் எப்படிப் போனது என்று அத்தையிடம் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ஓட்டப்பிடாரம் போய் பஸ் மாறி டவுனுக்குப் போகணும், ரத்தம், ஸ்கேன், காப்பீட்டு அனுமதிக்குக் காத்திருப்பு. கூட ஒரு ஆள் இருந்தே ஆகணும். ரெண்டாவது தடவை தை மாசம், உளுந்து எடுக்கிற நேரம். மானாவாரிக் காட்டில் வருஷத்துக்கு ஒரு மகசூல்தான். “செடி காட்டுல நின்னு வெடிச்சுக் கொட்டுது, நான் ஆஸ்பத்திரி வராண்டாவுல படுத்துக் கிடக்கேன்” என்றார் அத்தை. மூணாவது தடவைக்குள் வெள்ளாடு எல்லாம் விலைக்குப் போய்விட்டது. இதை மென்மையான அளவீடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பெருந்தமனியிலும் இதே கதை இருக்கிறது, அங்கே இன்னும் தெளிவாக. வயிற்றில் பெருந்தமனி பலூன் மாதிரி வீங்கினால் ஒருநாள் வெடித்துவிடும் ஆபத்து. வயிற்றைத் திறந்து செயற்கைக் குழாய் தைப்பது பழைய முறை. தொடை வழியாக உறை போட்ட ஸ்டென்டை உள்ளே விரிப்பது புதிய முறை. 1987-இல் கார்கிவில் நிக்கோலாய் வோலோடோசும், 1990-இல் புவெனஸ் ஐரஸில் ஹுவான் பரோடியும் முன்னோடிகள். பிரிட்டனின் ஈவார்-1 ஆய்வில் 1252 பேர். முதல் 30 நாளில் மரணம் புதிய முறையில் 1.8 சதவீதம், திறந்த அறுவையில் 4.3. சந்தேகமில்லாத லாபம். ஆனால் 15 வருஷக் கணக்கு 2016-இல் வந்தபோது, எட்டு வருஷத்துக்குப் பிறகான காலத்தில் திறந்த அறுவை செய்தவர்களே கூடுதலாகப் பிழைத்திருந்தார்கள். ஸ்டென்டைச் சுற்றிக் கசிவு ஏற்பட்டு, வீக்கம் பிறகு வெடித்தது ஒரு முக்கியக் காரணம். ஆகவே ஆயுசு முழுக்கத் தவறாமல் ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டும் என்பது அந்தக் கட்டுரையின் பாடம்.

சிறு துளை வைத்தியம் பல நேரம் கடனுக்கு வாங்கிய சாமான் மாதிரி. முதல் நாள் கையிலிருந்து போவது கொஞ்சம், தவணை பிறகு வரும். தவணை கட்டத் தெம்பு இருப்பவருக்கு அது நல்ல ஏற்பாடு. தவணை உண்டு என்பதையே சொல்லாமல் கொடுப்பதுதான் தப்பு. நோயாளியைக் கூப்பிட்டு வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்க ஏற்பாடு உள்ள நாட்டின் ஆய்வு முடிவை, யாரும் கூப்பிடாத ஊருக்கு அப்படியே கொண்டுவர முடியுமா?

என் வாதத்துக்கு எதிராகவும் ரெண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒன்று: சர்க்கரைக்காரர்களுக்கு அடைப்பு பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான். அந்த வகையில் நம்ம ஊர்க் கால்களுக்கு நெருக்கமான ஆய்வு பாசில்-2. அதில் பைபாஸ் பக்கம் மரணம் கூடுதல் என்பதை நான் தள்ளிவிட்டுப் போக முடியாது. ரெண்டு: பைபாஸுக்கும் தவணை உண்டு. தொடை முதல் கணுக்கால் வரை நீளமான காயம், அது சீழ் பிடித்தால் வாரக்கணக்கில் கட்டு, அதற்கும் பஸ். இருதயம் பலவீனமானவருக்கு மயக்கமருந்தே ஆபத்து. ஆகவே ‘பைபாஸ்தான் நல்லது’ என்று இந்தப் பதிவை யாரும் பரப்பிவிட வேண்டாம்.

நான் கேட்பது மூணே விஷயம்.

முதலாவது, சிரையைப் பார்ப்பது. பெஸ்ட்-சிஎல்ஐ மொத்தமும் ‘நல்ல சிரை இருக்கிறதா’ என்ற கேள்வியில்தான் நிற்கிறது. அதற்கு ஒரு அல்ட்ராசவுண்ட் போதும். மாமாவின் நாலு காகிதத்திலும் அப்படி ஒரு ஸ்கேன் எடுத்ததாக ஒரு வரி கூட இல்லை. எடுத்திருந்தால் கால் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ரெண்டு வழி இருக்கிறது என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாவது, திரும்பி வருவதை எண்ணுவது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகை. அதனால் ஒவ்வொரு பலூனும் தனித்தனிக் கணக்கு, தனித்தனி வெற்றி. அதே ஆள், அதே கால், வருஷத்தில் எத்தனை தடவை என்று சேர்த்துப் பார்த்தால் வேறு படம் கிடைக்கும். இங்கே யாராவது ஆய்வு தொடங்கினால், மருத்துவமனைக்கு வெளியே எத்தனை நாள் தன் காலில் நின்றார் என்பதை முதன்மை அளவீடாக வைக்கலாம். மரணம், கால் இழப்பு, திரும்பி வந்த பயணம் எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் மலிவு. இரண்டு ஆய்வுமே ரத்த ஓட்டத்தைத் திருப்ப வழி இருந்தவர்களைப் பற்றியவை. அந்தக் கட்டத்தையே தாண்டி வருபவர்கள் எந்தக் கட்டுரையிலும் இல்லை. புறங்காலிலும் கணுக்காலின் உட்பக்கத்திலும் விரல் வைத்து நாடி பார்க்க ஒரு நிமிஷம் போதும். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் 0.9-க்கு மேல் இருக்க வேண்டும், குறைந்தால் அடைப்பு. சர்க்கரைக்காரர்களுக்குத் தமனி சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாகி இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், கால் கட்டைவிரல் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரை கொடுக்கிற அந்தக் கை குனிந்து பாதத்தையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தால் என்ன?

போன வாரம் மாமாவுக்குப் போன் பண்ணி இதையெல்லாம் முடிந்தவரைக்கும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அப்ப அவுஹ எழுதுனது பொய்யில்ல. குழாய் தொறந்துச்சு, அதத்தான் எழுதியிருக்காவ. கால எழுதல. அப்படித்தான?” என்றார்.

அப்படித்தான் மாமா. ரெண்டு ஆய்வையும் வாசித்து நான் இத்தனை பத்தி எழுதியதை நீங்கள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டீர்கள்.

வலது கால் நாடியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பீடியை விட்டுவிட்டாராம். அத்தை நம்பவில்லை.