கேபிள் சுற்றும் கையும் கலையகமும்

"இஞ்சை தேத்தண்ணி வாங்கப் போற பெடியனும் சவுண்ட் என்ஜினியரோ?" புதுச்சேரிப் பக்கம் எங்கள் ஊரான திருவாண்டார்கோயிலுக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்துச் சம்பந்தி கேட்ட கேள்வி இது. சென்னை ஸ்டுடியோவில் உதவியாளராக இருக்கும் எங்கள் ஊர்ப் பையனைத்தான் சொன்னார்.

அவர் ஒப்பிட்டுப் பேசிய இலங்கை வானொலியின் பெருமை எனக்கும் தெரியும். 1925-லேயே கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. எழுபதுகளில் அறிவிப்பாளர்கள் கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது குரல்களுக்காக நம் பக்கத்து டீக்கடைகளில் கூட்டம் நின்றது. ஸ்டுடியோவை அங்கே கலையகம் என்கிறார்கள், அழகான சொல்தான். நிறுவன உத்தியோகம், முறையான பயிற்சி, அதன் பிறகே கருவியில் கை வைப்பது என்று சம்பந்தி விவரித்தார். அந்த ஒழுங்கு நம் ஆகாசவாணியிலும் உண்டே! புதுச்சேரி நிலையம் 1967-லிருந்து இயங்குகிறது.

கோடம்பாக்கத்து வழி வேறு. புதிதாகச் சேர்ந்தவனுக்கு மிக்ஸர் கிடையாது, கேபிள்தான். முறுக்கு விழாமல் சுற்றத் தெரியாவிட்டால் உள்ளே கம்பி அறுந்து, அடுத்த கால்ஷீட்டில் கரகரப்பு வரும். மைக் இணைப்பைப் பிடுங்கும் முன் அந்தச் சேனலை மூட வேண்டும். மறந்தால் ஸ்பீக்கரில் விழும் அடி எல்லார் காதையும் பதம் பார்க்கும். மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக். ரெக்கார்டிஸ்ட் அதை நாலு விரல்கடை நகர்த்தும்போது நாதம் எப்படி மாறுகிறது என்று பக்கத்தில் நின்று கேட்பவன் இவன். பாடகர் ஹெட்போனில் சுருதி கூட்டச் சொன்னால் கூட்டுவான். எந்த டேக் நன்றாக வந்தது என்று எழுதி வைப்பான். எல்லாரும் போன பிறகு பதிவுக்கு நகல் எடுப்பான். இடையில் டீயும் வாங்கி வருவான். அதனால் என்ன? திருஞானசம்பந்தர் பாடிய வடுகூர்தான் எங்கள் திருவாண்டார்கோயில். நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த காது அவனுடையது.

கணிதம் படித்த ஒலிப்பதிவாளர் எச்.ஸ்ரீதர் இதே சென்னை ஸ்டுடியோக்களில் வேலை பார்த்துத்தான் 'மகாநதி', 'தில் சே', 'லகான்' படங்களுக்குத் தேசிய விருது பெற்றார். ஈழத்துத் துயரம் பேசிய 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்துக்கும் அவருக்கு அந்த விருது உண்டு. இதைச் சொன்னதும் சம்பந்தி சற்று நேரம் பேசவில்லை.

சம்பள விஷயத்தில் மட்டும், நிறுவன உத்தியோகம் பற்றி அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஸ்டுடியோ வைத்திருப்பவர்களே, முதல் மாதத்திலிருந்தே பையனுக்குக் கூலி கொடுங்கள். படம் வரும்போது அவன் பெயரையும் போடுங்கள்.