தரை தட்டி நிற்கும் அழகு

தரை தட்டுவதென்றால் கடலோடிகளுக்குக் குலை நடுங்கும். வேல்ஸின் தென்மேற்கில் உள்ள டென்பியில் மட்டும் அதையே ஓய்வாக்கிக்கொள்கிறார்கள். கரையோரமாகப் பாய் விரித்து வருகிறவர்கள் ஒதுங்கும் உல்லாசக் கடற்கரை ஊர் அது. பெரிய ஓத நாட்களில் கடல் 7 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். வற்றினால் துறைமுகமே மணல்திடல்.

இரட்டைக் கீல், அதாவது அடியில் நீண்டிருக்கும் இரண்டு தகடுகள், வைத்த படகு இந்த இடத்துக்கென்றே செய்த மாதிரி. நீர் வடிய வடிய ஆட்டம் குறையும். அடி மணலைத் தொடும், எழும்பும், மறுபடி தொடும். பிறகு மெல்லிய நறநறப்பு; கோப்பையில் தேநீர்கூட அசையாது. ஒற்றைக் கீல் படகென்றால் சாய்ந்துவிடும். இதுவோ இரண்டு கால் ஊன்றி நிமிர்ந்து நிற்கும். கயிறு போதுமான தளர்ச்சியோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஏணியில் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்தபடி ஈரமணலில் ஊருக்குள் நடக்கலாம்.

மேலே இளஞ்சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக வீடுகள், பழைய மதில். கணக்கில் நாம் போடும் சமக்குறியை 1557இல் நூலில் அறிமுகப்படுத்திய ராபர்ட் ரெக்கார்டு பிறந்த ஊர் இது. மணலில் ஊன்றிய அந்த இரு கீல்களைப் பார்த்தால் எனக்கு அவர் போட்ட இணைகோடுகள்தான் நினைவுக்கு வரும்.

சில மணி நேரத்தில் நீர் திரும்பிவிடும். அதற்குள் படகில் ஏறியிருக்க வேண்டும்.