காயம் பட்டால் ஓடி வருவது யார்?

விளையாட்டு வீரர்களின் உடலைக் காக்கும் வேலையை வாழ்க்கைத் தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா? பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் பலர் இன்று கேட்கும் கேள்வி இது. குத்தம்பாக்கத்தில் இருந்துகொண்டு இதை யோசிப்பது பொருத்தம். இங்கிருந்து கிழக்கே போனால், போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் விளையாட்டு மருத்துவத்துக்கென்றே தனி மையம்; பந்துவீச்சு முறையைச் சோதிக்க ஐ.சி.சி. அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடமும் அங்கே உண்டு. பக்கத்துத் தண்டலத்தில் பிசியோதெரபி கல்லூரி இருக்கிறது. இடைப்பட்ட ஊர்களில் பொங்கல் வந்தால் கபடி, கோடை விடுமுறையில் கிரிக்கெட். படிப்பு இவ்வளவு அருகில் இருந்தும், களத்தில் விழுந்தவனுக்குக் கிடைப்பது வலி ஸ்பிரேயும் கிரேப் பேண்டேஜும்தான்.

முதலில் இந்தத் தொழிலின் பெருமையைச் சொல்லிவிடுவோம். நல்ல டிரெய்னர் ஒருவர் கணுக்காலுக்கு டேப் போடுவதைப் பாருங்கள். பாதத்தை நேராக நிமிர்த்திப் பிடிக்கச் சொல்கிறார். தோல் உரியாமலிருக்க மெல்லிய நுரைப்பட்டையைச் சுற்றுகிறார். பிறகு டேப்பை உள்பக்கத்திலிருந்து குதிகாலுக்கு அடியில் கொண்டுபோய், வெளிப்பக்கம் இழுத்து ஒட்டுகிறார். பாதம் உள்நோக்கிப் புரளாமல் அந்த இழுப்புதான் பிடித்துக்கொள்ளும். முடித்ததும் கால்விரல் நகத்தை அழுத்திவிட்டு, வெளுத்த இடத்தில் ரத்தம் திரும்புகிறதா என்று பார்க்கிறார். அந்தச் சில நொடிச் சோதனை சிறிய விஷயமல்ல. 2022 நவம்பரில் சென்னைக் கல்லூரி மாணவி ஒருவர், இளம் கால்பந்து வீராங்கனை, மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பின் போட்ட கட்டு இறுகி ரத்த ஓட்டம் தடைபட்டதால் முதலில் காலையும் பிறகு உயிரையும் இழந்தார். தவறு நடந்தது களத்தில் அல்ல, மருத்துவமனையில். ஆனாலும் ஒரு கட்டின் இறுக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நாம் மறக்கக் கூடாது.

இந்தத் துறையில் சென்னைக்காரர்கள் உச்சம் தொட்டிருக்கிறார்கள். 2011 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியின் உடற்தகுதிப் பயிற்சியாளர் ராம்ஜி சீனிவாசன். விராட் கோலி தலைமையிலான அணியின் உடற்தகுதியை மாற்றியமைத்தவர் சங்கர் பாசு. புரோ கபடி லீக் 2014இல் தொடங்கியது; 2017இல் அதில் தமிழ் தலைவாஸ் அணியும் சேர்ந்தது. ஒவ்வோர் அணிக்கும் பிசியோவும் டிரெய்னரும் தேவைப்படுகிறார்கள். வேலை இருக்கிறது என்பது உண்மை.

குறைகளும் அதே அளவுக்கு உண்மை. லீக் வேலை சீசனோடு முடிகிறது. மீதி மாதங்களுக்கு கிளினிக்கோ ஜிம்மோதான் சோறு போட வேண்டும். அடுத்தது எல்லைக் குழப்பம். ஆட்டம் சொல்லித்தரும் கோச், எடை தூக்க வைக்கும் ஜிம் மாஸ்டர், காயம் பார்க்கும் பிசியோ ஆகிய மூவரின் வேலையையும் உள்ளூர்ப் போட்டிகளில் பி.டி. சார் ஒருவரே சுமக்கிறார். அந்த பி.டி. சார்களை உருவாக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் சென்னையில் தொடங்கினார். ஒரு நூற்றாண்டாக ஆட்டம் கற்பிப்பவர்களை உருவாக்கிய இந்த நகரம், ஆடுபவரின் உடலைப் பார்ப்பவரைப் பள்ளி மைதானம் வரை கொண்டுவரவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை அதிகாரமின்மை. தலையில் அடிபட்ட வீரரிடம் டிரெய்னர் கேட்கும் கேள்விகள் எளியவை: இது எந்த மைதானம், கடைசிப் புள்ளி யார் எடுத்தது, போன ஆட்டத்தில் ஜெயித்தோமா? பதில் தடுமாறினால் அவர் வெளியே வந்தாக வேண்டும். ஆனால் சம்பளம் கொடுக்கும் அணி நிர்வாகமே “இன்னும் ஒரே ஒரு ரெய்டு” என்று நின்றால், டிரெய்னரின் சொல் எடுபடுவதில்லை. கிரிக்கெட் இதற்கு ஒரு வழி கண்டது. தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக முழு மாற்று வீரர் ஆடலாம் என்று ஐ.சி.சி. 2019இல் விதி செய்தது. அணிக்கு இழப்பில்லை என்றானதும் மருத்துவக் குழுவின் சொல்லுக்கு வலு வந்துவிட்டது.

அமெரிக்காவில் டிரெய்னர் தொழிலுக்கான தேசியச் சங்கம் 1950இல் உருவானது. இன்று அங்கே முதுநிலைப் படிப்பும் தேர்வும் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் உரிமமும் கட்டாயம். 2023 ஜனவரி 2 அன்று டமர் ஹாம்லின் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் களத்தில் இதயம் நின்று விழுந்தபோது, அணியின் உதவி டிரெய்னர் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். ஹாம்லின் அதே ஆண்டு மீண்டும் ஆடினார். இங்கோ, 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ரெய்டு போன கபடி இளைஞர் ஒருவர் களத்திலேயே இறந்தார். டிரெய்னர் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பயிற்சி பெற்ற ஒருவர் அருகில் இருக்கும் வாய்ப்பு, கோடிகளில் ஆடுபவருக்கு மட்டும் உரியதாக இருப்பது நியாயமல்ல.

இந்தியாவில் 2021இல் வந்த துணைநிலை சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் பிசியோதெரபியை முறைப்படுத்துகிறது. அதனால் இத்துறைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு என் யோசனை இதுதான்: சில வாரச் சான்றிதழை நம்பி இறங்காதீர்கள்; பிசியோதெரபி பட்டம் முடித்து, அதன்மேல் விளையாட்டுச் சிறப்புப் படிப்பைச் சேருங்கள். கிளினிக் வருமானம் கையில் இருந்தால், நிர்வாகத்திடம் “இவரை ஆட விட முடியாது” என்று சொல்லும் துணிவும் கூடவே வரும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். முதலமைச்சர் கோப்பைக்கு மாவட்டந்தோறும் பிள்ளைகளைத் திரட்டுகிறோம். ஒன்றியத்துக்கு ஒரு நிரந்தர விளையாட்டு பிசியோவை நியமியுங்கள். பெண் வீராங்கனைகளுக்குப் பெண் பிசியோ கிடைக்கச் செய்யுங்கள். காயம்பட்டவரை வெளியே அழைக்கும் அதிகாரத்தை விதியாகவே எழுதிக் கொடுங்கள். அதுவரை இது நல்ல தொழில்தான். ஆனால் தனித்து நின்று சோறு போடும் தொழில் அல்ல.