இழந்த படகும் ஒரு சமையல் நூலும்

எலிஸபெத் டேவிடின் மத்தியதரைக்கடல் சமையல் நூலை (1950) இலக்கியப் பத்திரிகையில் விமர்சிப்பதற்கு எனக்குக் காரணம் உண்டு. அதை வெளியிட்ட ஜான் லேமன் கவிஞர். புது எழுத்துக்கு இடம் தந்த பத்திரிகாசிரியர். சொற்களை அறிந்தே அவர் இதை ஏற்றிருக்க வேண்டும்.

1939-ல் டேவிட் தன் துணைவருடன் பாய்ப்படகொன்றில் இங்கிலாந்தைவிட்டுக் கிளம்பினார். குளிர்காலம் பிரான்ஸின் தென்கரையில், ஆண்டிபில் கழிந்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் படகு பறிபோயிற்று. சேர்த்துவைத்திருந்த சமையல் குறிப்புகளும் போயின. பிறகு கிரீஸ், எகிப்து. 1946-ல் திரும்பிய இங்கிலாந்தில் ரேஷன்; ஆலிவ் எண்ணெய் மருந்துக்கடைச் சரக்கு.

ஆகவே எலுமிச்சை, பூண்டு, அத்தி என்ற பெயர்கள் இந்நூலில் பொருளைச் சுட்டுவதோடு நிற்பதில்லை. எதிரில் இல்லாததை அழைக்கின்றன. படகை நினைத்து அவர் உருகுவதில்லை. செய்முறையைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். பயண எழுத்தில் அபூர்வமான அடக்கம் இது. உருவம் இங்கே தேவையிலிருந்து பிறந்திருக்கிறது.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. செய்முறைகளுக்கிடையே ஹென்றி ஜேம்ஸ், நார்மன் டக்ளஸ், லாரன்ஸ் டரல் ஆகியோரின் பகுதிகளைச் சேர்க்கிறார். எல்லோரும் வெளியிலிருந்து வந்து சாப்பிட்டவர்கள். அக்கரைகளில் பிறந்து, அடுப்படியில் நின்றவர்களின் பேச்சுக்கு இந்த வரிசையில் இடமில்லை. செய்முறைதான் அவர்கள் குரல் என்று வாதிடலாம். எனக்கு அது போதவில்லை.