எந்த மதிப்பெண்ணை அனுப்புவது?

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பவர் எஸ்.ஏ.டி. தேர்வைப் பலமுறை எழுதலாம். 2009-இல் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு 'ஸ்கோர் சாய்ஸ்' கொண்டுவந்த பிறகு, எந்தத் தேதியின் மதிப்பெண்ணை அனுப்புவது, எதை அமுக்கிவிடுவது என்பதும் பெரும்பாலும் அவர் கையில்தான். காய்ச்சலோடு எழுதிய ஒரு சனிக்கிழமை எதிர்காலத்தையே கெடுக்கக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது.

அடுத்த படி 'சூப்பர் ஸ்கோர்'. ஒரு மாணவி மார்ச்சில் கணிதத்தில் 780, வாசிப்பில் 650 எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 1430. அக்டோபரில் கணிதம் 740, வாசிப்பு 710, மொத்தம் 1450. இரண்டிலும் உயர்ந்ததைக் கூட்டிப் பல கல்லூரிகள் 1490 என்று கணக்கிடுகின்றன. அந்த 1490-ஐ அவள் எந்த நாளிலும் எடுத்ததில்லை. இருந்தாலும் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. ஒருவரால் அதிகபட்சம் என்ன முடியும் என்று பார்ப்பது தப்பா என்ன? ஆனால் எந்த மதிப்பெண்ணிலும் கொஞ்சம் அதிர்ஷ்டம் கலந்தே இருக்கும். நாலு முறை எழுதுபவருக்கு அதிர்ஷ்டம் மட்டும் கணக்கில் சேர்கிறது, துரதிர்ஷ்டம் கழிந்துவிடுகிறது. ஒரே முறை எழுதியவருக்கு வந்ததுதான். எழுதிய எல்லாத் தேர்வுகளின் மதிப்பெண்ணையும் கேட்கும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் கறாராகத் தெரிந்தாலும், இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கிறது.

உண்மையான சிக்கல், மதிப்பெண்ணை அனுப்பவே வேண்டாம் என்ற 'டெஸ்ட் ஆப்ஷனல்' முறையில் இருக்கிறது. பௌடன் கல்லூரி இதை 1969-லேயே தொடங்கியது. 2020-இல் கொரோனா அதை எங்கும் பரப்பியது. அனுப்பலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க மாணவர்கள் பார்ப்பது, கல்லூரி வெளியிடும் நடுப்பகுதி மதிப்பெண் வரம்பை. அது 1480 முதல் 1560 வரை என்றால், 1420 எடுத்தவர் தன்னுடையதை மறைத்துவிடுவார். ஆனால் அந்த வரம்பு, சேர்ந்தவர்களில் மதிப்பெண் அனுப்பியவர்களுடையது மட்டுமே. குறைந்தவர்கள் மறைக்க மறைக்க வரம்பு மேலே போகும். அடுத்த ஆண்டு 1470 எடுத்தவரும் பயப்படுவார்.

இந்தச் சுழலில் அதிகம் இழப்பது யார்? டார்ட்மத் கல்லூரியின் ஆய்வு ஒரு விடை தந்தது. வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த பலர், அனுப்பியிருந்தால் தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய 1400-களிலான மதிப்பெண்ணை மறைத்திருந்தார்கள். சராசரி மிகக் குறைவான ஒரு பள்ளியிலிருந்து வரும் 1420-க்கு அங்கே தனி மரியாதை உண்டு. அதை அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லக் கட்டண ஆலோசகரே இருக்கிறார். ஏழைக்காகத் திறந்ததாகச் சொல்லப்பட்ட வாசலில் ஏழையே தடுக்கி விழுந்ததை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. எம்.ஐ.டி. 2022-இலேயே தேர்வை மீண்டும் கட்டாயமாக்கியது. 2024-இல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்டு ஆகியவையும் அந்த வழிக்குத் திரும்பின. யேல், எஸ்.ஏ.டி.க்குப் பதிலாக ஏ.பி. அல்லது ஐ.பி. தேர்வுகளின் மதிப்பெண்ணையும் ஏற்பதாகச் சொன்னது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கையில் எஸ்.ஏ.டி.யைப் பார்ப்பதே இல்லை. அதில் வேறு குறைகள் இருக்கலாம். தவறாகத் தேர்ந்தெடுத்துக் கெடும் ஆபத்தாவது இல்லை.

விருப்பத்துக்கு விட்டிருக்கும் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பவர்கள், அவை வெளியிடும் 'காமன் டேட்டா செட்' அறிக்கையில் வரம்போடு சேர்த்து, புதிதாகச் சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் மதிப்பெண் அனுப்பினார்கள் என்ற எண்ணையும் பார்க்க வேண்டும். பாதிப் பேர்தான் அனுப்பியிருந்தார்கள் என்றால், அந்த 1480 வகுப்பில் பாதியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.